ஒரு வோல்ட், ஒரு ஸ்தாயி



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் சங்கத்தில் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். வராத வேலை நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, போன செமஸ்டர் முழுக்க என் மண்டையைக் குடைந்த ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதுகிறேன். பெயர் ராபர்ட் மோக். ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் மூக் என்று படிக்கத் தோன்றும். ஆனால் அவர் தன் பெயரை மோக் என்றே சொல்லி வந்தார். சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை ஆய்வுக்கூடத்திலிருந்து இசைக்கலைஞர்களின் கைக்குக் கொண்டு வந்தவர். நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே, 2005-லேயே மறைந்துவிட்டார்.

அவர் எனக்கு எப்படி அறிமுகமானார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அந்தக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அவரிடம் யமஹா டிஎக்ஸ் 7 ஒன்று இருக்கிறது. 1983-ல் வெளிவந்த மாடல். உள்ளே 32 டோன் சேமித்து வைக்கலாம். அத்தனையையும் அவரே வருஷக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கி வைத்திருந்தார். உள்ளே இருந்த சின்ன பேட்டரி ஒரு நாள் தீர்ந்துபோக, 32 டோனும் போய்விட்டன. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பையனாச்சே என்று என்னைக் கூப்பிட்டார். பேட்டரியைக் கழற்றிப் புதியது சால்டர் செய்து கொடுத்தேன். கீபோர்டு உயிர் பெற்றது. ஆனால் உள்ளே இருந்தது வெறும் குப்பை இரைச்சல். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். சில டோன்களின் எண்களை மட்டும் அதில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். ஒரு டோனுக்கு 145 எண்கள்! அந்தக் கீபோர்டில் இருப்பதோ இரண்டு வரி டிஸ்பிளே, ஒரு ஸ்லைடர், தட்டையான பட்டன்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணைத்தான் பார்க்க முடியும். எனவே ஒரு மிடி கேபிள் மூலம் என் லேப்டாப்பில் இணைத்து, டோன் திருத்தும் மென்பொருள் ஒன்றைப் போட்டேன். 145 எண்களும் ஒரே திரையில் விரிந்தன. ஒவ்வொன்றாகத் தட்டிக் கீபோர்டுக்கு அனுப்பினேன். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. மெமரி புரொடெக்ட் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பியதும் பெரியவர் ஒரு சுரத்தைத் தொட்டார். அவருடைய பழைய டோன் அப்படியே வந்தது.

நோட்டில் இருந்தது 11 டோன்தான். மீதி 21 போனது போனதுதான்.

சத்தத்தை எண்ணாக எழுதி, வெளியிலிருந்து கட்டளை கொடுத்து, கருவியைத் திருப்பிப் பாட வைக்கிறோமே, இந்த யோசனை எங்கே ஆரம்பித்தது? அதைத் தேடிப் போனபோதுதான் மோக் அவர்களிடம் போய்ச் சேர்ந்தேன்.

தொடாமல் பாடும் பெட்டி

மோக் 1934 மே 23 அன்று நியூயார்க் நகரத்தில் பிறந்தார். அப்பா மின்சாரக் கம்பெனியில் பொறியாளர், பொழுதுபோக்கு ரேடியோ. அம்மாவுக்கோ மகன் பியானோ கலைஞராக வேண்டும் என்று ஆசை. ஆக, ஒரு பக்கம் சால்டரிங் அயர்ன், இன்னொரு பக்கம் பியானோ ஸ்டூல். பையனுக்குப் பிடித்தது அப்பாவின் வேலை மேசைதான். ஆனால் அம்மா கட்டாயப்படுத்திய அந்தப் பியானோ பயிற்சி வீண் போகவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பதினான்கு, பதினைந்து வயதில் பத்திரிகையில் வந்த சர்க்யூட்டைப் பார்த்துத் தெரமின் என்ற கருவியைச் செய்தார். 1920 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி தெரமின் கண்டுபிடித்தது அது. தொடாமலே வாசிக்க வேண்டும்! இரண்டு ஆன்டெனாக்கள் இருக்கும். ஒன்றின் அருகே கையைக் கொண்டுபோனால் சுருதி மாறும். மற்றதன் அருகே கொண்டுபோனால் சத்தம் கூடும், குறையும். கை ஒரு கெபாசிட்டர் தட்டு போல வேலை செய்து ஆசிலேட்டரின் அதிர்வெண்ணை மாற்றுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கருவிதான் மோக்குக்குச் சோறு போட்டது. 1954-ல் அப்பாவுடன் சேர்ந்து தெரமின் விற்க ஆரம்பித்தார். குயின்ஸ் கல்லூரியில் இயற்பியலும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் படித்துவிட்டு, கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். 1961-ல் டிரான்சிஸ்டர் தெரமின் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கிட் வேண்டும் என்று கடிதங்கள் குவிந்தன. வீட்டிலேயே பாகங்களைப் பொட்டலம் போட்டு ஏறக்குறைய 1000 கிட் விற்றாராம். படிப்பு இழுத்துக்கொண்டே போய் 1965-ல்தான் முனைவர் பட்டம் கிடைத்தது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் ஆறுதல் அடையலாம்!

1964-ஆம் ஆண்டின் கோடைக்காலம்

அன்றைக்கு மின்னணு இசை செய்வது எப்படி என்று கேட்டால் சிரிப்பு வரும். டேப்பில் சத்தங்களைப் பதிந்து, பிளேடால் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவார்கள். சில விநாடி இசைக்குச் சில நாள் வேலை. இல்லையென்றால் நியூயார்க்கில் இருந்த ஆர்சிஏ மார்க் 2 போல ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். காகிதச் சுருளில் ஓட்டை போட்டு அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டும்.

1963-ல் ஓர் இசை ஆசிரியர் மாநாட்டில் தெரமின் விற்கப் போன இடத்தில் ஹெர்பர்ட் டாய்ட்ச் என்ற இசையமைப்பாளரைச் சந்தித்தார் மோக். டாய்ட்ச் இசைப் பேராசிரியர். தனக்கு எப்படிப்பட்ட சத்தம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எப்படிச் செய்வதென்று தெரியாது. மோக்குக்கு அதற்கு நேர்மாறு. 1964 கோடையில் நியூயார்க் மாநிலத்தின் டிரமன்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில், மோக்கின் பட்டறையில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

அங்கே பிறந்ததுதான் வோல்டேஜ் கண்ட்ரோல் முறை. அதாவது குமிழைக் கையால் திருகுவதற்குப் பதிலாக ஒரு மின்னழுத்தம் அந்தக் குமிழைத் திருகும். ஆசிலேட்டரின் சுருதி, ஃபில்டரின் எல்லை, ஆம்ப்ளிஃபயரின் சத்தம் என்று மூன்றையும் வோல்டேஜ் ஆளும். இந்த எண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் வந்ததல்ல. அதே காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் டான் புக்லா என்பவரும் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். ஆனால் மோக் ஒரு கணக்கை ஒழுங்காக நிலைநாட்டினார்: ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி கூட வேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம்? கொஞ்சம் பொறுங்கள். 110 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு மேல் ஸ்தாயி 220. அதற்கு மேல் 440, பிறகு 880. ஒவ்வொரு ஸ்தாயிக்கும் அதிர்வெண் இரட்டிக்கிறது. நம் காது கூட்டலைக் கேட்பதில்லை, பெருக்கலைத்தான் கேட்கிறது. எனவே வோல்டேஜை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டும்போது அதிர்வெண் இரண்டு, நான்கு, எட்டு மடங்கு என்று போக வேண்டும். இதற்கு எங்கே போவது? நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோமே, டிரான்சிஸ்டரின் வளைகோடு, அதுதான் விடை! அறை வெப்பநிலையில் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 18 மில்லிவோல்ட் கூடினால் கலெக்டர் கரண்ட் இரட்டிக்கும். காதுக்குத் தேவையான பெருக்கல் டிரான்சிஸ்டரின் உள்ளேயே இருந்தது. அட, இந்த வளைகோட்டை நான் எத்தனை முறை கிராஃப் ஷீட்டில் வரைந்து மார்க் வாங்கியிருப்பேன்! ஒரு நாளாவது இப்படித் தோன்றியதா?

இதில் ஒரு தொல்லையும் உண்டு. அந்த 18 மில்லிவோல்ட் வெப்பத்தோடு மாறும். அறை சூடானால் சுருதி நழுவும். மேடையில் விளக்குச் சூட்டில் கலைஞர்கள் அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டியிருந்தது இதனால்தான்.

இன்னொரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. சத்தம் வருகிறது, ஆனால் நிற்காமல் ஊதுகிறது, சுரத்துக்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும் என்றார் டாய்ட்ச். கடையிலிருந்து ஒரு காலிங் பெல் சுவிட்ச் வாங்கி வரச் சொன்னார் மோக். அதை அழுத்தினால் ஒரு கெபாசிட்டர் சார்ஜ் ஆகும். விட்டால் டிஸ்சார்ஜ் ஆகும். அந்த ஏறி இறங்கும் வோல்டேஜை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தார். சுரம் பிறந்து அடங்கியது! பிறகு உசச்செவ்ஸ்கி என்ற இசையமைப்பாளர் இதை நான்கு கட்டங்களாகப் பிரிக்கச் சொன்னார்: ஏற்றம், தணிவு, நிலைப்பு, ஓய்வு. இன்றைக்கு உங்கள் போனில் உள்ள இசை ஆப்பைத் திறந்தாலும் இந்த நான்கும் இருக்கும்.

1964 அக்டோபரில் ஆடியோ பொறியாளர் சங்க மாநாட்டில் தன் கருவியை வைத்தார். அங்கேயே ஆர்டர்கள் கிடைத்தன.

டிரான்சிஸ்டர் ஏணி

மோக்கின் பெயர் சொல்லும் சர்க்யூட் அவருடைய லேடர் ஃபில்டர். 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை பெற்றார். டிரான்சிஸ்டர் ஜோடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏணிப்படி போல அடுக்கி, படிகளுக்குக் குறுக்கே கெபாசிட்டர் வைத்தார். டிரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட் மாறினால் அதன் எமிட்டர் ரெசிஸ்டன்ஸ் மாறும். கூடவே ஃபில்டரின் எல்லையும் நகரும். நான்கு படிகளும் சேர்ந்து ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் மேல் அதிர்வெண்களை வெட்டும். வெளியே வருவதில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே கொடுத்தால் எல்லையில் ஒரு கூர்மை ஏறும். கொழுகொழு என்று கேட்கும் மோக் பேஸ் ஒலி இப்படி வந்ததுதான்.

1968-ல் வெண்டி கார்லோஸ், பாக் என்ற பழைய ஜெர்மானிய மேதையின் இசையை மோக் சிந்தசைசரில் வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். எனவே ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக டேப்பில் பதிந்து அடுக்கினார். சும்மா சொல்லக்கூடாது, மலைக்க வைக்கும் உழைப்பு! பத்து லட்சத்துக்கு மேல் விற்று, மூன்று கிராமி விருதுகளும் வாங்கியது. 1969-ல் பீட்டில்ஸ் குழுவும் தங்கள் ஆல்பத்தில் மோக் கருவியைப் பயன்படுத்தியது. விரலின் அழுத்தத்தை உணரும் கீபோர்டு போன்ற பல தேவைகளைக் கார்லோஸ் சொல்லச் சொல்ல, மோக் செய்து கொடுத்துக்கொண்டே இருந்தார். பொறியாளர் பேசுவதைவிடக் கேட்பது முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம். இசைக்காரர் பேசும் பாஷை அவருக்குப் புரிந்ததே, அங்கேதான் அம்மாவின் பியானோ பயிற்சி உதவியது.

ஒயரைப் பிடுங்கினால் போச்சு

இப்போது நம்ம பெரியவரின் நோட்டுக்கு வருவோம். மோக்கின் பெரிய கருவியில் பெட்டிகளைப் பேட்ச் கார்டு என்ற ஒயர்களால் இணைக்க வேண்டும். ஒயரைப் பிடுங்கி, குமிழைத் திருகிவிட்டால் அந்த டோன் காற்றோடு போயிற்று. 1970-ல் வந்த மினிமோக்கில் ஒயர் இல்லை. எல்லாம் உள்ளேயே இணைத்து, கையில் தூக்கிப் போகும்படி செய்தார்கள். மோக் கம்பெனியின் பில் ஹெம்சாத் என்ற பொறியாளர் மிச்சம் மீதிப் பாகங்களை வைத்து அதன் முதல் மாதிரியைச் செய்தார். 1981 வரை ஏறக்குறைய 12,000 மினிமோக்குகள் விற்றன. ஆனால் அதிலும் மெமரி கிடையாது. குமிழ்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று காகிதத்தில் படம் போட்டுக் குறித்துக்கொள்வார்கள். பெரியவர் செய்த அதே வேலை!

கணிப்பொறி இதற்குத் தீர்வாக வரும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 1970 வாக்கிலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் குழுவினர், வோல்டேஜால் ஆளப்படும் கருவிகளை ஒரு கணிப்பொறியோடு இணைத்து, கை அசைவுகளைச் சேமித்து, திருத்தி, மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். வோல்டேஜ் குமிழைத் திருகும் என்றால், கணிப்பொறி அந்த வோல்டேஜைக் கொடுக்கலாம் அல்லவா? கதவைத் திறந்து வைத்தது வோல்டேஜ் கண்ட்ரோல். உள்ளே நுழைந்தது கணிப்பொறி.

1978-ல் டேவ் ஸ்மித்தின் புராஃபெட் 5 மைக்ரோபிராசசர் வைத்து டோன்களைச் சேமித்தது. 1983-ல் மிடி வந்தது. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் பேசிக்கொள்ளும் பொது மொழி. அதைப் பற்றி 1982 அக்டோபரிலேயே ஒரு இசைப் பத்திரிகையில் எழுதி வாசகருக்கு அறிவித்தவர் நம்ம மோக்தான். மிடியில் விநாடிக்கு 31,250 பிட் போகும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எண் உண்டு. யமஹாவுக்கு 67, மோக் கம்பெனிக்கு 4. ஒரு கருவிக்கென்றே அனுப்பும் சிறப்புச் செய்தி 240 என்ற எண்ணில் தொடங்கி, கம்பெனி எண்ணைச் சொல்லி, 247-ல் முடியும். நடுவில் டோனின் விவரம். டிஎக்ஸ் 7-ன் 32 டோனும் சேர்ந்து 4104 பைட். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டோடு சேர்த்து 10 பிட் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.3 விநாடி! ஒரு மனிதரின் பல வருஷ உழைப்பு ஒன்றேகால் விநாடி சொச்சத்தில் கேபிளில் போய்விடுகிறது. 1985-ல் மிடி சாக்கெட்டோடு வந்த அடாரி எஸ்டி கணிப்பொறியில் டோன் திருத்தும் மென்பொருள்கள் பெருகின. நான் லேப்டாப்பில் செய்தது அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

பெயரையும் இழந்தார்

இவ்வளவு செய்தவர் கோடீஸ்வரர் ஆனாரா? அதுதான் இல்லை. கணக்கு வழக்கில் அவர் கெட்டிக்காரர் அல்ல. போட்டிக் கம்பெனிகள் வந்தன, கடன் ஏறியது. 1971-ல் கம்பெனி வேறொருவர் கைக்குப் போய், டிரமன்ஸ்பர்க்கை விட்டு இடம் மாறியது. 1973-ல் நார்லின் என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. தன் பெயர் தாங்கிய கம்பெனியிலேயே சம்பளக்காரராக இருந்துவிட்டு 1977-ல் வெளியேறினார். அடுத்த ஆண்டு வட கரோலினாவின் ஆஷ்வில் பகுதிக்குக் குடிபோய், பிக் பிரையர் என்ற பெயரில் சின்னப் பட்டறை தொடங்கினார். 1984 முதல் 1988 வரை கர்ஸ்வைல் கம்பெனியில் வேலை பார்த்தார். மற்றபடி என்ன செய்தார் தெரியுமா? பள்ளி நாளில் செய்த அதே தெரமினை மறுபடி செய்து விற்றார்! அதில் அவர் வெட்கப்படவே இல்லை.

பழைய கம்பெனி 1980-களில் நொடித்துப்போனது. தன் பெயரைத் தன் கருவியில் போட்டுக்கொள்ளும் உரிமை அவருக்கு 2002-ல்தான் திரும்பக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 68. அதே ஆண்டு மினிமோக் வாயேஜர் என்ற கருவியை வெளியிட்டார். இதன் சத்தம் முழுக்கப் பழைய அனலாக் வழியில்தான் பிறக்கும். ஆனால் குமிழ்கள் நிற்கும் இடத்தைக் கருவி எண்ணாகப் படித்து 128 டோன்களைச் சேமிக்கும். மிடி வழியாகக் கணிப்பொறியில் திருத்தவும் முடியும். முப்பது வருஷத்துக்கு முன் காகிதத்தில் குறித்ததை இப்போது கருவியே ஞாபகம் வைத்துக்கொண்டது. ஆனாலும் குமிழ்களை அவர் எடுத்துவிடவில்லை. கைக்கு ஒன்று, ஞாபகத்துக்கு ஒன்று என்று இரண்டையும் வைத்தார்.

2005 ஆகஸ்ட் 21 அன்று, மூளையில் வந்த கட்டியால், ஆஷ்வில் நகரில் தன் 71-ஆவது வயதில் மோக் காலமானார்.

நமக்கு என்ன?

நண்பர்களே, நாமெல்லாம் டிப்ளமோ மாணவர்கள். பெரிய கண்டுபிடிப்பு நமக்கு எங்கே வரப்போகிறது என்று நானும் நினைத்ததுண்டு. மோக்கின் கதையைப் படித்தபிறகு அப்படி நினைக்கக் கூச்சமாக இருக்கிறது. அவர் பயன்படுத்தியது நம் லேபில் டப்பாவில் கிடக்கும் அதே டிரான்சிஸ்டரும் கெபாசிட்டரும்தான். கூடுதலாக அவரிடம் இருந்தவை இரண்டு. எதிரே இருப்பவரின் தேவையைக் காது கொடுத்துக் கேட்பது; அந்தத் தேவைக்கு ஏற்ற வளைகோட்டைப் பாடப் புத்தகத்திலிருந்து தேடி எடுப்பது.

பெரியவரின் 11 டோன்களையும் ஒரே கோப்பாக்கி, என் லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, அவருடைய மகளின் கணிப்பொறியில் ஒன்று என மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம். போன 21 டோன்களில் சிலவற்றை இப்போது இருவரும் உட்கார்ந்து மறுபடி உருவாக்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இன்னும் கொஞ்சம் மெதுவாக எழ வேண்டும் என்பார். நான் திரையில் ஏற்றத்தின் எண்ணை மாற்றுவேன். இதுவரை 3 தேறியிருக்கிறது. டாய்ட்சும் மோக்கும் உட்கார்ந்த அந்தப் பட்டறையை அப்போது நினைத்துக்கொள்வேன்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பழைய கீபோர்டு மூலையில் கிடந்தால் சொல்லுங்கள். பேட்டரி தீர்வதற்கு முன்பே டோன்களைக் காப்பி எடுத்துவிடலாம். கேபிள் என்னிடம் இருக்கிறது!



மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு